பம்பாய்க் கோட்டையின் பெரிய கடைகள்

வி.டி. ஸ்டேஷனில் இறங்கி ஃப்ளோரா ஃபவுண்டன் வரைக்கும் தாதாபாய் நவ்ரோஜி சாலையில் நடக்காத மும்பைத் தமிழன் அபூர்வம். நம் அப்பாக்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம்தான் ஆபீஸ். ஆடி மாச மழையில்கூடப் பாதித் தூரம் குடை விரிக்காமல் போய்விடலாம். இரண்டு பக்கமும் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் தூண் வரிசை, அதற்குள்ளே மூடிய நடை. இந்த நடை தானாக அமைந்துவிடவில்லை. அப்போது ஹார்ன்பி ரோடு என்று பெயர் கொண்டிருந்த இந்தச் சாலைக்கு 1896ஆம் ஆண்டு அரசாங்கம் ஒரு விதி போட்டது. மேலே எந்தப் பாணியில் வேண்டுமானாலும் கட்டிக்கொள், கீழே தூண் நிறுத்திப் பாதசாரிக்கு நடை விட்டே ஆகவேண்டும் என்பது விதி. வியாபாரியின் கண்ணோடு பார்த்தால் இதைவிட நல்ல சட்டம் கிடையாது. வெயிலானாலும் மழையானாலும் ஊரே உங்கள் கடைக் கண்ணாடியை உரசிக்கொண்டு போகும்!

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது சமணக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வழக்கமாக அதைத்தான் எழுதுவேன். இந்தத் தடவை நான் பிழைத்த தெருவைப் பற்றி எழுதுகிறேன். வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை நான். 1978ல், பதினெட்டு வயதில், கோட்டைப் பகுதியில் ஒரு சந்தில் இருந்த மாமாவின் பேப்பர் கடைக்கு வந்து சேர்ந்தேன். பேரேடு, கார்பன் தாள், ஸ்டென்சில், பேனா மை, சீல் வைக்கும் அரக்கு எல்லாம் விற்றோம். நாற்பது வருஷம் அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். படித்தது எல்லாம் சாயங்காலம் வாசகசாலையில்தான்.

"மால் வந்தது, பழைய கடைகள் செத்தன" என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு சரியாக வரவில்லை என்பதே என் கட்சி. கோட்டையின் பெரிய கடைகள் ஒருமுறை அல்ல, இரண்டுமுறை செத்தன. முதல் தடவை சாகும்போது மால் என்ற சொல்லே யாருக்கும் தெரியாது.

பல்பொருள் அங்காடி என்று இன்று நாம் சொல்கிற டிபார்ட்மெண்ட் ஸ்டோர் பிறந்த இடம் பாரிஸ். 1852ல் அரிஸ்தீத் பூசிக்கோ என்பவர் போன் மார்ஷே கடையில் பங்காளியாகச் சேர்ந்தார். பொருளுக்கு விலைச்சீட்டு, பேரம் கிடையாது, வாங்காவிட்டாலும் உள்ளே வந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். இன்றைக்கு இதெல்லாம் சாதாரணம். பேரம் பேசுவதுதான் வியாபாரம் என்றிருந்த உலகத்தில் இது ஒரு புரட்சி. கடைத்தெரு நமக்குப் புதிதல்ல. புகாரின் கடைத்தெருக்களை இளங்கோவடிகள் எவ்வளவு ஆசையாக வரிசைப்படுத்துகிறார் என்று சிலப்பதிகாரம் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தெரு. எல்லாச் சரக்கும் ஒரே கூரையின் கீழ் என்பது வேறு சங்கதி.

பம்பாய்க்கு இந்த வகைக் கடை ராணுவத்தின் பின்னால் வந்தது. 1871ல் லண்டனில் ராணுவ, கடற்படை அதிகாரிகள் சேர்ந்து ஒரு கூட்டுறவு சங்கம் ஆரம்பித்தார்கள். ஒயின் பாட்டில்களை மொத்தமாக வாங்கினால் மலிவாகக் கிடைக்குமே என்பதுதான் ஆரம்பம். (நம் ஊரில் பத்து வீடு சேர்ந்து அரிசி மூட்டை இறக்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்குதான் வேறு.) அது வளர்ந்து ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ் ஆனது. 1891ல் பம்பாய்க்கு வந்தது. காலாகோடாவில் எழுந்த அதன் கட்டடம் இன்றும் அந்தப் பெயரோடு நிற்கிறது. கூடாரம், குதிரைச் சேணம், குளியல் தொட்டி, துப்பாக்கி, ஜாம் பாட்டில் என்று ஒரு துரைக்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் தடித்த விலைப்பட்டியல் புத்தகம் போட்டு, கடிதம் எழுதினால் அனுப்பியும் வைத்தார்கள்.

இன்னொன்று ஒயிட்அவே லெய்ட்லா. ராபர்ட் லெய்ட்லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1882ல் கல்கத்தாவில் ஆரம்பித்தது. கிழக்கே ஷாங்காய் வரைக்கும் கிளை விட்டார்கள். பம்பாய்க் கிளை ஹார்ன்பி ரோட்டில். அந்தக் காலத்துத் துரைமார்கள் கையில் காசு வைத்துக்கொள்ள மாட்டார்கள். சிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாசம் பிறந்ததும் கணக்குத் தீர்ப்பார்கள், சிலர் தீர்க்காமலே கப்பல் ஏறிவிடுவார்கள். லெய்ட்லா அந்தப் பழக்கத்தையே வேண்டாம் என்றார். ரொக்கம் மட்டும்தான், கடன் இல்லை. அதனாலேயே அந்தக் கடைக்கு 'ரைட் அவே அண்ட் பெய்ட் ஃபார்' என்று கேலிப்பெயர் வந்தது. கேலி செய்தவர்கள் செய்தார்கள், கடை வளர்ந்தது. கடன் வசூலுக்கு இரண்டு ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்துப் பார்த்தவன் என்ற முறையில், லெய்ட்லாவைப் பெரிய ஞானி என்றே சொல்வேன்.

சென்னையிலும் மவுண்ட் ரோட்டில் அவர்களுக்குக் கிளை இருந்தது. அதே சாலையில் ஸ்பென்சர். அது 1863ல் துவங்கி, ரயில் போன இடமெல்லாம் போய், கடைசியில் அந்தப் பெரிய செங்கல் கட்டடம் 1983ல் தீயில் போனது. ஒயிட்அவே கட்டடத்தின் கதை வேறு மாதிரி. பிற்பாடு அது 'விக்டரி ஹவுஸ்' ஆகிச் சுதேசமித்திரன் பத்திரிகையின் அலுவலகமானது. ஜி. சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனைத் தொடங்கியதும் அதே 1882ஆம் ஆண்டுதான். துரைக்குச் சட்டை விற்ற கடையும் துரையை எதிர்த்து எழுதிய பத்திரிகையும் ஒரே வயது. கடைசியில் பத்திரிகைதான் அந்த வீட்டுக்குக் குடிவந்தது.

பம்பாயிலும் ஏறக்குறைய இதுவேதான் நடந்தது. ஹார்ன்பி ரோட்டு ஒயிட்அவே கட்டடத்துக்குள் காதி எம்போரியம் வந்தது. மான்செஸ்டர் துணி விற்ற மேஜைமேல் கதர்!

ஏன் போனார்கள்? 1947க்குப் பிறகு வாங்குகிற துரைமார்கள் கப்பலேறிவிட்டார்கள் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி சரக்கு. இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும், 1957ல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்த பின் அதுவும் இன்னும் இறுகிவிட்டது. சீமைச் சரக்கு விற்பதற்கென்றே கட்டிய கடையில் சீமைச் சரக்கு இல்லையென்றால் எதை வைத்து விற்பது? இது முதல் சாவு. இதில் மர்மம் ஒன்றுமில்லை.

வேடிக்கை என்னவென்றால், தெரு சாகவில்லை. இடம் காலியானதும் நம்மவர்கள் வந்தார்கள். 1897லிருந்தே கடை வைத்திருந்த அக்பரலீஸ் குடும்பத்தார் 1956ல் ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கம் பல்பொருள் அங்காடியாக விரித்தார்கள். நான் வந்த புதிதில் ஊரிலிருந்து யார் வந்தாலும் காட்டவேண்டிய இடங்கள் மூன்று: கேட்வே, தொங்கும் தோட்டம், அக்பரலீஸ். வாங்குவது அரை டஜன் கைக்குட்டையாக இருக்கும், பார்ப்பது முழுக்கடையாக இருக்கும். புத்தகத்துக்கு ஸ்ட்ராண்ட். 1948ல் கொலாபாவில் ஸ்ட்ராண்ட் சினிமா கொட்டகைக்குள் ஒரு சின்னப் புத்தக அலமாரியாக டி.என். ஷான்பாக் ஆரம்பித்தது, பிறகு கோட்டைக்கு வந்தது. யார் போனாலும் விலையில் தள்ளுபடி கொடுப்பார். என் வீட்டில் இருக்கும் வரலாற்று நூல்களில் பாதி அங்கே வாங்கியவை. பாட்டுக்கு ரிதம் ஹவுஸ். கூட்டுறவிலும் ஒரு கிளை வளர்ந்தது. 1948ல் நாய்காவில் மில் தொழிலாளர்கள் ஆரம்பித்த அப்னா பஜாரைப் பின்னால் திரும்பச் சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் எப்படித் தாக்குப்பிடித்தன? இங்கேதான் வாடகைச் சட்டம் வருகிறது. நம்மில் பலர் மாதுங்காவிலோ தாதரிலோ பகடி வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். இருந்தும் அந்தச் சட்டத்தின் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1947ஆம் ஆண்டு பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் 1ஆம் தேதி என்ன வாடகையோ அதையே நியாய வாடகையாக நிறுத்திவைத்தது. யுத்தம், பிரிவினை, அகதிகள் வந்து குவிந்த காலம், அப்போது அது தேவைதான். ஆனால் யுத்தம் முடிந்து ஐம்பது வருஷம் ஆகியும் வாடகை அசையவில்லை. எங்கள் சந்துக் கடைக்கு மாச வாடகை 78 ரூபாய். அதே தேதியில் கடைப்பையனின் டீச் செலவு அதைவிட அதிகம்.

வாடகை உயரவில்லையென்றால் விலை வேறு வழியில் வெளியே வரும். அதற்குப் பெயர்தான் பகடி. உள்ளே வருகிறவன் பெரிய தொகை கையில் கொடுக்கவேண்டும், வெளியே போகிறவன் அடுத்து வருகிறவனிடம் வாங்கிக்கொள்வான், வீட்டுக்காரருக்கு வழக்கப்படி மூன்றில் ஒரு பங்கு. சட்டப்படி அது குற்றமாக இருந்த காலம். வாடகைக்கு ரசீது உண்டு, பகடிக்கு ரசீது கிடையாது. மாமாவுக்கு அந்தக் கடை கிடைத்ததே ஒரு கதை. கட்டட முதலாளி ஒரு கச்சி சமணர். சமணர் என்றாலே குஜராத்தி, மார்வாடி என்று நினைக்கும் ஊர் இது. "மதராசியில் ஏது ஜைனன்?" என்று அவர் நம்பவில்லையாம். மாமா சூரியன் சாய்வதற்குள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளித்ததை மூன்று நாள் பார்த்த பிறகுதான் பேச்சுவார்த்தைக்கே கூப்பிட்டாராம். பகடி மட்டும் ஒரு பைசா குறையவில்லை!

ஒருநாள் சரக்கு எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது மாமா சொன்னார்: "மாப்ள, நாம பேப்பர் விக்கிறோம்னு நெனச்சிக்கினு இருக்க. இந்த ஏழுக்குப் பன்னெண்டு அடியிலதான் நம்ம மொதல் இருக்கு. பேப்பர் அதுக்குக் காவல்." அப்போது எனக்குப் புரியவில்லை.

வாடகை உறைந்ததால் கடைகள் பிழைத்தன என்பது உண்மை. அதே உறைவு அவற்றைத் தின்றது என்பதும் உண்மை. வீட்டுக்காரருக்கு வருமானமில்லை, அதனால் கூரை ஒழுகினால் பார்க்க மாட்டார். கடைக்காரனுக்கு இடம் சொந்தமில்லை, அதனால் பணம் போட்டு மாற்ற மாட்டான். என் கடையில் நாற்பது வருஷமும் அதே மர அலமாரி, அதே ட்யூப் லைட். "ஏன் சார் கொஞ்சம் நல்லாப் பண்ணக்கூடாதா" என்று வாடிக்கையாளர் கேட்பார். யார் சுவரில் நான் சுண்ணாம்பு அடிப்பது?

1997 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இந்த உறைந்த வாடகை இனி நியாயமல்ல என்று சொன்னது. அதன் பின்னால் மகாராஷ்டிர அரசின் புதிய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, வந்து 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்று விஷயம் வியாபாரிகளைத் தொட்டது. வாடகையை வருஷத்துக்கு 4 சதவிகிதம் ஏற்றலாம். பகடி வாங்குவது இனிக் குற்றமல்ல. மூன்றாவதுதான் முக்கியம்: வங்கிகளுக்கும், அரசு நிறுவனங்களுக்கும், பன்னாட்டுக் கம்பெனிகளுக்கும், ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலுத்தப்பட்ட மூலதனம் உள்ள கம்பெனிகளுக்கும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. என்னைப்போன்ற சந்துக் கடைக்காரனுக்கு நிழல் மிஞ்சியது. வளர்ந்து கம்பெனி ஆனவனுக்கு வெயில். வளரவேண்டாம் என்று சட்டமே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. நான் வளராததற்கு அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது முழு உண்மையாக இராது.

இதே பத்து வருஷத்தில் ஊர் வடக்கே நகர்ந்தது. 1991ல் அந்தேரியில் ஷாப்பர்ஸ் ஸ்டாப். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, பரேலில் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. 1991, 2001 வளர்ச்சி விதிகள் மில் நிலத்தைக் கட்டடமாக்க வழி திறந்தன. 1905ஆம் ஆண்டின் ஃபீனிக்ஸ் மில் ஒரு வணிக வளாகமாகி, தனக்கு 'ஹை ஸ்ட்ரீட் ஃபீனிக்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டது. ஹை ஸ்ட்ரீட் என்றால் ஊரின் பெரிய கடைத்தெரு என்று அர்த்தம். உண்மையான கடைத்தெரு மங்கிக்கொண்டிருந்தபோது அதன் பெயரை ஒரு மில் வாங்கிக்கொண்டது! ஆபீஸ்களும் பாந்திரா-குர்லா வளாகத்துக்கும் பரேலுக்கும் போயின. ஆபீஸ் போனால் ஸ்டெனோ போவார், ஸ்டெனோ போனால் கார்பன் தாள் போகும். (கம்ப்யூட்டர் வந்ததில் கார்பன் தாள் எப்படியும் போயிருக்கும், அது வேறு.)

1999ல் ஹாஜி அலி அருகே கிராஸ்ரோட்ஸ் மால் திறந்தபோது நடந்த ஒன்றைக் குறித்துவைப்பது நல்லது. கூட்டம் தாங்காமல், கையில் மொபைல் போனோ கிரெடிட் கார்டோ இருப்பவருக்கு மட்டும் அனுமதி, இல்லாதவர் 60 ரூபாய் கட்டவேண்டும் என்று வாசலில் நிறுத்தினார்கள். வாங்காவிட்டாலும் உள்ளே வந்து பார் என்று பூசிக்கோ சொல்லி 147 வருஷம் கழித்து இது! அந்த மாலும் நீடிக்கவில்லை. கைமாறி, பெயர் மாறி, சோபோ சென்ட்ரல் ஆகி, ஆளில்லாமல் காற்றாடியது. ஆகவே மால்தான் எமன் என்று சொல்கிறவர்கள் மாலுக்கு யார் எமன் என்றும் சொல்லவேண்டும்.

பிழைத்தவர்கள் யார் என்று பார்த்தால் விடை கிடைக்கிறது. காலாகோடா ஆர்மி அண்ட் நேவி கட்டடம் டாட்டா குழுமத்தின் அலுவலகங்கள் இருந்த இடம். அதன் கீழ்த்தளத்தில் டாட்டாவின் வெஸ்ட்சைடு கடை வந்தது. நூறு வருஷத்துக்கு முன் பல்பொருள் அங்காடி இருந்த அதே தளத்தில் மறுபடி பல்பொருள் அங்காடி. இடம் கெட்டுவிட்டது, வியாபாரம் கெட்டுவிட்டது என்றால் இது எப்படி நடக்கும்? இரண்டாவது உதாரணம் டி-மார்ட். ராதாகிஷன் தமானி பங்குச் சந்தைக்காரர். 1999ல் நெருலில் ஓர் அப்னா பஜார் கிளையை எடுத்து நடத்தித் தொழில் கற்றுக்கொண்டார். (ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அதே அப்னா பஜார்.) 2002ல் பவாயில் முதல் டி-மார்ட். மற்றவர்கள் மாலில் வாடகைக்கு இடம் பிடித்துக் கிளை மேல் கிளையாகத் திறந்தபோது, இவர் பெரும்பாலும் இடத்தைச் சொந்தமாக வாங்கியே கடை திறந்தார். மெதுவாகத்தான் வளர்ந்தார். வாடகைக்காரர்கள் பலர் கடனில் மூழ்கியபின் இவர் நிற்கிறார். சென்னை தியாகராய நகரின் பெரிய ஜவுளிக்கடைகளிலும் சொந்த மனைக்காரர்கள்தான் அசையாமல் நிற்பதாக அங்கே உள்ள என் உறவினர்கள் சொல்கிறார்கள்.

ஆக, அடிமண்ணும் கல்லாவும் ஒரே கையில் இருந்த கடை பிழைத்தது. இரண்டும் வேறு வேறு கையில் இருந்த கடையில், ஒருநாள் மண் கல்லாவைவிட அதிகம் சம்பாதிக்க ஆரம்பித்தது. அன்றைக்குக் கடை முடிந்தது. 2016 பிப்ரவரியில் ரிதம் ஹவுஸ் மூடியது, பாட்டு கேட்கும் வழியே மாறிவிட்டது என்பது சரிதான். அந்த இடத்தை ஒரு வைர வியாபார நிறுவனம் வாங்கியது, பிறகு வங்கி மோசடி வழக்கில் அமலாக்கத்துறை அதை முடக்கிவைத்தது. பாட்டுக்கடை மூலையின் மண் வைரக்காரர் வாங்குகிற விலைக்குப் போயிருந்தது என்பதைக் கவனியுங்கள். ஷான்பாக் 2009ல் காலமானார், ஸ்ட்ராண்ட் 2018 பிப்ரவரியில் மூடியது. கடைசி வாரம் போய் நின்றேன். அலமாரிகள் பாதி காலி. எதையும் வாங்க மனம் வரவில்லை, பிறகு வெட்கப்பட்டு இரண்டு புத்தகம் வாங்கினேன்.

அதே வருஷம் என் கடையும் போனது. யாரும் துரத்தவில்லை. எங்கள் சந்தில் மூன்று கடைகளைச் சேர்த்து எடுக்க ஒருவர் வந்தார். அவர் சொன்ன தொகையில் வீட்டுக்காரர் பங்கு போக மீதியைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வங்கியில் சும்மா போட்டாலே வருகிற வட்டி, என் கடையின் ஒரு வருஷ லாபத்தைப்போல இரண்டரை மடங்கு. நோட்டு செல்லாததாகி, ஜி.எஸ்.டி. வந்து, ஆன்லைன்காரன் நான் கொள்முதல் செய்யும் விலைக்கும் கீழே விற்றதெல்லாம் இருந்தது. ஆனாலும் கடை நஷ்டத்தில் இல்லை, சத்தியமாக இல்லை. கணக்கு அப்படிச் சொன்னது, கையெழுத்துப் போட்டேன். மாமா இருந்திருந்தால் முதல் நாளே போட்டிருப்பார்.

26 வருஷம் என்னோடு இருந்த ரத்னகிரிக்காரர் ஒருவர், என்னைவிட நாலு வயது இளையவர். அவருக்கு நியாயமான பங்கு கொடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு, "சேட், காலையில் எங்கே வரட்டும்?" என்று மராட்டியில் கேட்டார். பழக்கத்தில் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

போன தீபாவளிக்கு முன் பேரனைக் கூட்டிக்கொண்டு அந்தத் தூண் நடையில் நடந்தேன். 1896ஆம் ஆண்டு விதியைச் சொன்னேன். அவன் கவனம் அதில் இல்லை. ஒரு தூணடியில் பிளாஸ்டிக் விரிப்பில் சட்டைகளை அடுக்கி ஒரு பையன் விற்றுக்கொண்டிருந்தான். அட்டையில் 'ஏக் தாம் 200' என்று எழுதியிருந்தது. பேரம் கிடையாது, கடன் கிடையாது, ரொக்கம் இல்லாவிட்டால் தூணில் ஒட்டியிருக்கும் கட்டம்போட்ட சீட்டைப் போனில் காட்டவேண்டும். பேரனுக்கு ஒரு சட்டை வாங்கினேன். இந்த இடத்துக்கு வாடகை எவ்வளவு என்று சும்மா கேட்டேன். பையன் சிரித்துக்கொண்டே சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அடுத்த ஆளுக்குச் சட்டை காட்டப் போய்விட்டான்.